டி.சி. இல்லாமல் உள்ளே வரக்கூடாது

திருப்பூரில் துணி ஒருபோதும் தனியாகப் பயணம் போகாது. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து துணியைச் சுருங்காமல் படியவைக்கிற காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங்குக்கு என்று எங்கே போனாலும் அதன் கூடவே ஒரு சீட்டும் போகும். எந்தத் துணி, எத்தனை கிலோ, எந்த லாட், யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது என்று எழுதிய சீட்டு. டெலிவரி சலான் என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டி.சி. என்போம், அவ்வளவுதான்.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக ஆபீஸ் மேனேஜராக இருக்கிறேன். கோடை லீவில் காலேஜ் பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, லீவு முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைப்பது என் பொறுப்பு. அப்படி ஒரு லீவில் நான் அனுப்பிய இரண்டு வரிச் செய்தியால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோனது. கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதை முதலில் சொன்னவளும் அந்தப் பெண்தான். எட்டு வருடமாக அந்தக் கதையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். நம்புகிற நாட்களில் என் மேல் எனக்கே கோபம் வரும். நம்பாத நாட்களில், பழியைக் கீழே இறக்கி வைக்க இடம் தேடுகிறாயா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். லீவுப் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய சக மேனேஜர்களும் சூப்பர்வைசர்களும் நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

லீவை வீணாக்காதீர்கள்

அப்போதெல்லாம் தேர்வு முடிகிற சமயத்தில் சுற்றுவட்டாரக் காலேஜ்களில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். ‘விடுமுறையைப் பயனுள்ளதாக்குவது எப்படி’ என்று மேடைக்குப் பின்னால் ஃபிளக்ஸ் கட்டியிருக்கும். நாற்பத்தைந்து நாள் போனைத் தடவிக்கொண்டு படுத்திருக்காதீர்கள், கம்பெனிக்கு வாருங்கள், நீங்கள் போட்டிருக்கிற பனியன் எத்தனை கை மாறி வருகிறது என்று பாருங்கள் என்பேன். நம்பித்தான் சொன்னேன். ஆனால் அதே மாதத்தில்தான் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், ஷிப்மெண்ட் கழுத்தை நெரிக்கும். அதை மைக்கில் ஒரு தடவையும் சொன்னதில்லை.

ஒரு காலேஜில் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சாவுக்கும் காதுகுத்துக்கும் போட்ட லீவைத் தவிர எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் கிண்டலாகவும் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான்: “ஏனுங்க சார், நீங்க உங்க லீவுல என்னங்க பண்ணுவீங்க?”

நாற்பது எடுத்தால் பாஸ்

வந்த பிள்ளைகளை முதலில் செக்கிங் மேஜையில் உட்கார வைப்போம். தைத்து வந்த பனியனைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட வேண்டும். அந்தப் பகுதிக்கு சூப்பர்வைசர் சரஸ்வதி. பொங்கலூர்க்காரர். கத்தாமலே ஆளை நடுங்க வைப்பார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் ஒரு பனியனைக்கூடத் தனியே போடவில்லை. சரஸ்வதிக்குச் சந்தேகம் வந்து அவன் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். தோளில் தையல் பிரிந்திருந்தது, முதுகில் கறை, கையில் ஊசி போட்ட ஓட்டை. என்னைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் காட்டினார். அந்த அடுக்கு சாயங்காலம் பெட்டிக்குள் போயிருக்க வேண்டியது. கண் தெரியலையா கண்ணு என்று சரஸ்வதி கேட்டதற்கு, பையன் எல்லாக் குறையும் தெரிந்தது என்றான். பிறகு ஏன் விட்டாய் என்றால், நிதானமாகக் கணக்குச் சொன்னான்: “எங்க காலேஜ்ல நாப்பது எடுத்தா பாஸுங்க அக்கா, இந்தப் பனியன் எப்படியும் அறுவது எடுக்குமுங்க.”

வேனை நிறுத்திய பெண்

கௌசல்யா அந்த லீவில்தான் வந்தாள். சாமளாபுரம். அப்பா அங்கே பவர்லூம் ஓட்டுகிறவர். இரண்டாம் வருடம் முடித்தவள் என்று வேலை ஃபாரத்தில் எழுதிக்கொண்டேன். பத்து நாள் செக்கிங்கில் இருந்தாள். இந்தத் துணி எங்கிருந்து வருகிறது, எந்தச் சாயப்பட்டறை என்று ஓயாமல் கேட்கிறாள் என்று சரஸ்வதி சொன்னார். டி.சி. எழுதுகிற ஆள் நோம்பிக்குப் போனவன் திரும்பி வராததால் அந்த மேஜையில் அவளை உட்கார வைத்தேன்.

மூன்றாவது வாரம் சாயப்பட்டறை வேன் டி.சி. இல்லாமல் வந்தது. டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சீட்டு அடுத்த நடையில் வரும், சரக்கை இறக்குங்கள் என்று சொல்லி உள்ளே வந்து பழகியவர். இவள் கேட்டைத் திறக்க விடவில்லை. இரண்டு மணி நேரம் வேன் வெயிலில் நின்றது. கட்டிங் மாஸ்டர் கத்தினார். இந்த ஒரு தடவை விட்டுவிடு என்று நானே போய்ச் சொன்னேன். அவள் ஒரு நோட்டை விரித்தாள். டி.சி. இல்லாமல் வந்த பழைய நடைகளைத் தேடி எடுத்து எழுதி வைத்திருந்தாள். தனித்தனியாகச் சாயமேற்றிய இரண்டு லாட் நீலத்துணி சீட்டில்லாமல் வந்து கலந்ததால்தான், உடம்பு ஒரு நீலமும் கை ஒரு நீலமுமாகத் தைத்து ஒரு ஆர்டரே திரும்பி வந்திருந்தது. ஆறு மாதமாக நாங்கள் தையல்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். டிரைவர் போன் போட்டுச் சீட்டை வரவழைத்தார். போகும்போது என் பக்கம் குனிந்து சொன்னார்: “டி.சி. இல்லைன்னா இந்தப் பிள்ள எமனையே கேட்டுக்கு வெளியதான் நிப்பாட்டும் போலுக்கு, அண்ணாச்சி.”

தப்பான குரூப்

அந்த வேகத்தில் சட்டம் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம், அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், போனில் தமிழிலேயே தட்டினேன்: ‘திங்கள் முதல் டி.சி. இல்லாமல் உள்ளே வரக்கூடாது. யாராக இருந்தாலும் கேட்டிலேயே நிறுத்தப்படுவார்கள்.’ போனில் இரண்டு குரூப் உண்டு. ஒன்று வண்டிக்காரர்களுக்கு, இன்னொன்று லீவுப் பிள்ளைகளுக்கு. செய்தி பிள்ளைகளின் குரூப்புக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

டெலிவரி சலானும் டி.சி.தான், காலேஜை விட்டுப் போகும்போது வாங்குகிற சான்றிதழும் டி.சி.தான். இங்கிலீஷில் முதல் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, எங்கள் ஊர் வாயிலும் ஒன்று. திங்கட்கிழமை காலை கேட்டில் பதினாலு பிள்ளைகளில் நாலு பேர் உள்ளே வராமல் நின்றார்கள். ஒருவன் பிளஸ் டூ டி.சி.யின் ஜெராக்ஸை நீட்டினான். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். செக்கிங் மேஜையை விட்டு நகராத பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்த டி.சி. ஒன்றே ஒன்றுதான். போனைப் பார்த்ததும்தான் செய்தி எந்தக் குரூப்புக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தது. ஒன்பது மணிக்கு, அது வண்டிகளுக்கான செய்தி, பிள்ளைகளுக்கு அல்ல என்று திருத்தி அனுப்பினேன். அதற்குள் ஒரு பையனின் அம்மா மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “டி.சி. குடுக்கறது காலேஜுங்க, அதைக் கேக்கறதுக்கு நீங்க ஆருங்க?”

பிளாஸ்டிக் கவர்

எல்லோரையும் சமாதானப்படுத்தி முடித்து, கௌசல்யா மட்டும் வரவில்லையே என்று பார்த்தேன். அவளைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை. டி.சி. என்றால் என்னவென்று கம்பெனியிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவள்தான்.

மத்தியானம் ஒரு மணிக்கு அப்பாவும் மகளுமாக வந்தார்கள். அவர் லூமுக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே காலேஜ் முத்திரையோடு டி.சி. காலையில் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிவந்ததாகச் சொன்னார். கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள் என்று பாப்பாதான் மெசேஜைப் படித்துக் காட்டியதாம். கவரை வாங்கி, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கௌசல்யா தலையைக் குனிந்தபடி, நம்ம டி.சி.ன்னு தெரியாம அந்த டி.சி.ன்னு நெனச்சுட்டேனுங்க சார் என்றாள். அந்த நிமிடம் அதை நம்பினேன். அவர்கள் போன பிறகு, ஒன்பது மணிக்கு அனுப்பிய திருத்தத்தை யார் யார் படித்தார்கள் என்று போனில் பார்த்தேன். ஒன்பது பத்துக்கு அவள் படித்திருந்தாள், காலேஜ் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. காதில் கேட்டுக்கொண்டிருந்தது அவள் அப்பா இரண்டு கையாலும் அந்தக் கவரை நீட்டிச் சொன்னதுதான்: “கேட்டதுமே குடுத்துட்டாங்க சார், இனிப் பாப்பாவை உள்ளே உட்டுருவீங்கல்லங்க?”

ஒரு வாரம் டைம்

அன்றைக்கே காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். ஒரு வாரத்துக்குள் மாணவி நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் டி.சி.யை ரத்து செய்துவிடலாம், பேர் இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது என்றார். ஓடிப்போய் கௌசல்யாவிடம் சொன்னேன். சரிங்க சார் என்றாள். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல் என்றாள். புதன்கிழமை பஸ் தவறிவிட்டது. வியாழக்கிழமை நான் கம்பெனி காரிலேயே அனுப்புகிறேன் என்றேன், அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து டி.சி. மேஜையில் உட்கார்ந்து வழக்கம்போல எழுதினாள். நான் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை அவள் மேஜை வரை போனேன். ஆர்டர் நெருக்கடி. அவள் இல்லாவிட்டால் வண்டிகள் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். மூன்று தடவையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வாரம் முடிந்தது, கௌசல்யா டி.சி. மேஜையிலேயே தங்கிவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து காலேஜ்களில் பேசப் போவதை நிறுத்திவிட்டேன். செய்தி அனுப்பினால் ‘டெலிவரி சலான்’ என்று முழுசாகத் தட்டுவேன், டிரைவர்கள் சிரிப்பார்கள். என் முகத்தைப் பார்த்தே சரஸ்வதி ஒரு நாள் டீ டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “போகோணும்னு இருந்தா அவ நடந்தே போயிருப்பாளுங்க சார், நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க.”

எங்கே கையெழுத்துப் போடணும்?

மனசை உழப்பிக்கொள்ளாமல் இருக்க முடிந்திருக்கும், சில வருடம் கழித்து மெர்ச்சண்டைசர் வேலை காலியாகாமல் இருந்திருந்தால். நம்மிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு பேசுகிற வேலை. கௌசல்யாவுக்கு நூலிலிருந்து பெட்டி வரை எல்லாம் தெரியும். பையருடன் வீடியோவில் பேசி ஒரு ஆர்டரைக் காப்பாற்றியும் கொடுத்திருக்கிறாள். அவள் பேரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். டிகிரி கட்டாயம் என்று எம்.டி. ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. அந்த நாற்காலிக்கு வந்தவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் வந்து அவளிடமே ஒரு மாதம் வேலை பழகியவன். காலேஜை முடித்துவிட்டுக் கழுத்தில் டையோடு வந்தான்.

அவனை அழைத்துக்கொண்டு போய் அவள் மேஜைக்கு முன்னால் நான்தான் நிறுத்தினேன். இனி இவரிடம்தான் நீ ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்று சொல்ல வேண்டியதும் நான்தான். அவள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். பையன் நல்லவன், கூச்சப்பட்டான். மேஜையில் கிடந்த சீட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளிடமே கேட்டான்: “அக்கா, இந்த டி.சி.ல நான் எங்கே கையெழுத்துப் போடணும்?”

இந்த வருட லீவு

இந்த வருடம் பதினோரு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி டி.சி. என்றால் என்ன அக்கா என்று கேட்டாள். கௌசல்யா கதையைச் சொன்னாள். சாரோட மெசேஜ், அப்பாவோட வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டினாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கதை எட்டு வருடத்தில் வழவழப்பாகியிருந்தது. ஒன்பது பத்துக்கு அவள் படித்த திருத்தம் மட்டும் அதில் வரவில்லை.

டீ பிரேக்கில் அவளை உள்ளே கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். உனக்கு அன்றைக்கே தெரியும்தானே கண்ணு என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த டி.சி. கட்டை மேஜையில் வைத்தாள். பிறகு, தெரியாமல் வாங்குவேனா என்று அமைதியாகக் கேட்டாள். மெசேஜைப் பார்த்ததுமே தப்பான குரூப்புக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததாம். காலேஜை விடுகிறேன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அதற்கு முந்தின ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாளாம். டிகிரி வாங்கி வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆணி அடித்து வைத்திருந்தவர் அவர். கம்பெனி கேட்கிறது என்றால் மறுபேச்சுப் பேச மாட்டார்.

இதைக் கேட்டால் விடுதலையாக இருக்கும் என்று எட்டு வருடமாக நினைத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. ஏன் விட்டாய் என்றேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: “அங்க நம்பர் சொல்லித்தாங்க அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க. இங்க வந்து மூணாவது வாரம், கட்டிங் மாஸ்டர் எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எங்கிட்டச் சந்தேகம் கேட்டாருங்க. எனக்கு அது போதும்னு தோணிப்போச்சு. பத்தொம்பது வயசுங்க சார். உங்க மேல பழியைப் போட்டது தப்புதாங்க, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே வண்டி நிற்கிறது, போகட்டுங்களா என்று கதவில் கை வைத்தாள். லீவைப் பயனுள்ளதாக்கச் சொல்லி மைக் பிடித்தவன், அவளுக்கு வேலை ஃபாரம் நிரப்பியவன், அவளுடைய டி.சி.யைக் கையில் வாங்கித் தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூடப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தவன், தான் குற்றவாளியா இல்லையா என்று எட்டு வருடம் விசாரித்து முடித்த பிறகு கடைசியில் கேட்டது முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான்: “ஏங்கண்ணு, காலேஜ்ல நீ என்னதான் படிச்சுட்டு இருந்தே?”